ஆகாயத்தில் கூண்டு ஏற்றுவது யார்?

கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக் கம்பத்தில் கூண்டு ஏறிவிட்டதென்றால், அதைக் கண்ணால் காணாதவர்களுக்கும் அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிடும். காப்பிக் கடையில் அதே பேச்சு; பஸ்ஸில் அதே பேச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நாளைக்கு விடுமுறை உண்டா என்பதே கவலை. பகலில் கூம்பும் உருளையுமாகக் கூண்டுகள். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். ஒன்றாம் எண் என்றால் தொலைவான கடலில் காற்றழுத்தம் தோன்றியிருக்கிறது. மூன்று என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும். பத்து என்றால் பேரபாயம். பதினொன்று என்று ஓர் எண்ணும் உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறோம்.

சென்ற கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நாம் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போயிருந்தபோது மூன்றாம் எண் கூண்டு ஏறியிருந்தது. போன காரியம், நமது பழைய மாணவன் ஒருவனைப் பார்ப்பது. அவன் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரன், தமிழ்க் கட்டுரையில் அவ்வளவு கெட்டிக்காரன் அல்லன் என்பதை அவனே ஒப்புக்கொள்வான். இப்பொழுது அவன் வடகிழக்கு எல்லையில், அருணாசலப் பிரதேசத்து மலைகளுக்குள்ளே சிறு விமானம் ஓட்டுகிறான். பதினேழு பத்தொன்பது பேரைச் சுமந்து செல்லும் விமானத்துக்குத் தலைவனாகிவிட்டவனை 'அவன்' என்று எழுதலாமா என்று நமக்குச் சங்கடம். அவனிடமே கேட்டோம். "'அவர்' என்று எழுதினால் அது வேறு யாரோ என்று அம்மா சொல்லிவிடுவாள், ஸார்" என்றான். ஆகவே 'அவன்' என்றே எழுதத் துணிந்தோம்.

கடல் அடைந்து கிடந்ததால் தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்து வலையைச் சீர் செய்துகொண்டிருந்தார். கட்டுமரத்தில் தொடங்கி, பிறகு யந்திரம் பொருத்திய படகுக்கு மாறியவர். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி கடல் ஊருக்குள் வந்ததையும், 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததையும் கண்டவர். "கடலுக்குப் போறவன் புள்ள கடலுக்குப் போவக் கூடாதுன்னுதான் வாத்தியாரையா இவனைப் படிக்க வெச்சோம். இவன் அதுக்கும் மேல ஏறிப் போயிட்டான்" என்றார். குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்பது இன்றுவரை நமக்கு விளங்கவில்லை.

தாயார் அவ்வளவு எளிதாகச் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

2015-ஆம் வருஷம் ஜூன் 8-ஆம் தேதி மாலை, இந்தியக் கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் ஒன்று மூன்று பேருடன் சென்னையிலிருந்து கண்காணிப்புக்காகப் புறப்பட்டது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அதனோடு தொடர்பு அற்றுப்போயிற்று. கப்பல்கள் தேடின, விமானங்கள் தேடின, கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றும் தேடிற்று. ஒரு மாதத்துக்கும் மேல் தேடிய பிறகு, ஜூலை மாதத்தில், நம் கடலூருக்குத் தென்கிழக்கே கரையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் தூரத்தில், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் அகப்பட்டன. மூவரும் திரும்பவில்லை.

அந்த மாதம் முழுவதும் கரையில் நின்ற ஒவ்வொருவருக்கும் அது தங்கள் வீட்டுச் சமாசாரமாகவே இருந்தது. கடலில் போனவர் வராமற்போவது என்றால் என்ன என்பதை மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். தேவனாம்பட்டினத்துக்கு விளக்க வேண்டியதில்லை. நமது மாணவன் அப்பொழுது விமானப் பயிற்சியில் இருந்தான். "இந்தக் கடலுக்கே போக வேணாம்னுதானே உன்னை அனுப்பினோம், அதுவும் இதுக்குள்ளதான் வந்து விழுவுதா" என்று தாயார் தொலைபேசியில் ஒரே ஒரு தடவை கேட்டாராம். பிறகு பதினைந்து நாட்கள் அவனோடு பேசவில்லை. விதியின் வேடிக்கையைப் பாருங்கள்: இன்று அவன் ஓட்டுவதும் அதே டோர்னியர் ரக விமானந்தான். கான்பூரிலுள்ள ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் நம் நாட்டுத் தொழிலாளிகள் கட்டுவது. 2022-ஆம் வருஷம் ஏப்ரல் 12-ஆம் தேதி அஸ்ஸாமிலுள்ள திப்ருகரிலிருந்து அருணாசலத்துப் பாசிகாட்டுக்கு அந்த ரக விமானம் பிரயாணிகளுடன் சென்றது. நம் தேசத்திலேயே செய்த விமானம் ஒன்று பொதுஜனப் போக்குவரத்துக்கு வந்தது நமக்குப் பெருமையளித்த செய்தி. அச்செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது அந்த வீட்டுத் தாயார் என்ன நினைத்தார் என்று நாம் கேட்கவில்லை.

மலைக்குள் பறப்பது எப்படி என்று கேட்டோம். விமானம் என்றால் சென்னையில் ஏறி டில்லியில் இறங்குவது என்று மட்டுமே அறிந்த நமக்கு, அவன் சொன்னவை முற்றும் புதியவை.

மலைமேல் போகப் போகக் காற்று மெலிகிறது. யந்திரத்துக்கு மூச்சு குறைகிறது. சிறகுக்குப் பிடிமானம் குறைகிறது. கீழே ஆயிரம் அடியில் எழும்பும் விமானம் மேலே அதைவிட வெகுதூரம் ஓடித்தான் எழும்பும். வெயில் ஏறினாலும் அதே கதை, காற்று மெலிந்துவிடும். ஜீரோ என்னும் பள்ளத்தாக்கு ஊர் கடல் மட்டத்துக்கு ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. பிற்பகலில் மலைச்சரிவுகளில் காற்று கிளம்பி மேகம் கட்டிக்கொள்ளும் என்பதால், மலைக்குள் வேலை காலையிலேதான். "நம்ம ஊரில் விடியுமுன் மரம் தள்ளுவார்கள் அல்லவா, அதே மாதிரிதான்" என்றான். நேபாளத்திலுள்ள லுக்லாவைப் பற்றியும் சொன்னான். அங்கே ஓடுபாதை ஐந்நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். அதுவும் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சரிவு. மேட்டை நோக்கி இறங்க வேண்டும். பள்ளத்தை நோக்கி எழும்ப வேண்டும். ஒரு முனையில் மலைச்சுவர், மறு முனையில் பாதாளம். இறங்கத் தொடங்கி ஓர் இடத்தைத் தாண்டிவிட்டால், 'வேண்டாம், திரும்பிவிடலாம்' என்பதற்கு வழியில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறதாம்.

"பள்ளத்தாக்கிலே நுழைந்தால் நடுவே பறக்கக் கூடாது, ஸார். பார்க்கிறவர்களுக்கு நடுவே போவதுதான் பத்திரம் என்று தோன்றும். ஆனால் நடுவே போனால் திரும்புவதற்குப் பாதி அகலந்தான் மிஞ்சும். ஒரு சரிவை ஒட்டிப் போனால் முழு அகலமும் நமக்கு. மலைத்தொடரைக் கடக்கும்போதும் நேராக முட்டிக்கொண்டு போகக் கூடாது, சாய்வாக அணுகவேண்டும். காற்று கீழே அமுக்கினால் உடனே விலகிக்கொள்ளலாம். எங்கே போனாலும், திரும்புகிற இடம் எது என்று முன்னாலேயே மனத்தில் குறித்துக்கொள்ளவேண்டும். அந்த இடம் வந்தபோது வழி தெளிவாய்த் தெரியவில்லை என்றால், யோசனையே கிடையாது, திரும்பவேண்டும்."

"யார் சொல்லுவார்கள் திரும்பு என்று?" என்று கேட்டோம்.

அவன் தகப்பனாரைப் பார்த்துச் சிரித்தான். "இங்கே அப்பாவுக்குத் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். எங்களுக்கும் புறப்படும் இடத்தில் வானிலை அறிக்கை உண்டு. ஆனால் மலைக்கு அந்தப் பக்கத்தில் இந்த நிமிஷம் மேகம் எப்படி இருக்கிறது என்பதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பதினோராம் நம்பர் கூண்டு என்றால் என்ன தெரியுமா, ஸார்?"

தெரியாது என்றோம். வாத்தியார் தெரியாது என்று சொல்வதில் மாணவர்களுக்கு உள்ள ஆனந்தம் வயதானாலும் குறைவதில்லை.

வானிலை நிலையத்தோடு துறைமுகத்துக்குச் செய்தித் தொடர்பே அறுந்துபோய்விட்டது, ஆனால் நிலைமை மோசம் என்று துறைமுக அதிகாரி கருதுகிறார் என்பதற்கு அடையாளம் அது. "பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்டால் எங்களுக்குப் பாதி நாள் பதினோராம் கூண்டுதான். ஏற்றுகிறவனும் நானே, பார்த்துத் திரும்புகிறவனும் நானே" என்றான்.

தகப்பனார் வலையிலிருந்து தலை நிமிராமல், "கூண்டு ஏத்தின பொறவு போவாதவன் கெட்டிக்காரன் இல்ல. ஏத்தறதுக்கு முன்னாடியே போவாதவன் எவனோ அவன்தான்" என்றார். வாடைக்காற்றின் திசை மாறுவதும், அலையின் நிறம் மாறுவதும், துறைமுகத்துக்குச் செய்தி வருமுன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும். வானொலி, செயற்கைக்கோள் எல்லாம் வந்த பிறகும் அந்தப் படிப்பு வீண் போகவில்லை. பிள்ளை விமானப் பள்ளியில் கற்றதில் பாதி தகப்பன் வீட்டுப் பாடந்தான் என்று நமக்குத் தோன்றிற்று.

வீட்டினுள் ஒரு சுவரில் பழைய டகோட்டா விமானத்தின் படம் மாட்டியிருந்தது. மேஹர் சிங்கைப் பற்றி நமது பாடப் புத்தகங்களில் காணோம். ஆகையால் அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-இல், லடாக்கின் தலைநகரான லே பகைவர் கையில் விழும் நிலையில் இருந்தது. சாலை வழியே உதவி போய்ச் சேர நாளாகும். ஸோனம் நோர்பு என்னும் லடாக்கிய எஞ்சினீயர், ஊர் ஜனங்களைக் கொண்டு சிந்து நதிக்கரை மணலில் ஓர் ஓடுபாதையை அமைத்தார். கடல் மட்டத்துக்கு மேல் பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரம்! அதுவரை அங்கே விமானம் எதுவும் இறங்கியதில்லை. மே மாதம் 24-ஆம் தேதி, ஏர் கமோடோர் மேஹர் சிங் தாமே டகோட்டாவை ஓட்டிக்கொண்டு, ஜோஜிலாக் கணவாயையும் போட்டு லாவையும் கடந்து அங்கே போய் இறங்கினார். அந்த விமானத்தில் காற்றழுத்த அறை இல்லை. இறக்கையில் படியும் பனிக்கட்டியை நீக்கும் சாதனம் இல்லை. நம்பத்தக்க வழிப்படம் இல்லை. பக்கத்தில் பிரயாணியாக வந்தவர் குடகுநாட்டு வீரர் மேஜர் ஜெனரல் திம்மையா. மற்றவர்களை அனுப்புமுன் தாமே போய்ப் பார்த்துவிடவேண்டும் என்பது மேஹர் சிங்கின் கொள்கை. அதன் பிறகே மற்ற விமானங்கள் வீரர்களை ஏற்றிச் சென்றன. லே பிழைத்தது. அவருக்கு மகாவீர சக்கரம் கிடைத்தது.

இவ்வளவு செய்தவர் இறந்தது லடாக்கில் அன்று. விமானப் படையை விட்டு விலகிய பிறகு, 1952-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் ஜம்முவிலிருந்து டில்லிக்குத் திரும்பி வரும்போது, புயலில் சிக்கி உயிர் நீத்தார். வீடு திரும்பும் பாதை!

"அதுதான் ஸார், எல்லாவற்றிலும் அபாயமான பாதை" என்றான் நமது மாணவன். வீடு நெருங்கும்போது மனிதனுக்குக் கண் மறைந்துவிடுமாம். குழந்தையின் பிறந்த நாள், மனைவியிடம் சொல்லிய நேரம், இரண்டு நாள் விடுமுறை. இவையெல்லாம் சேர்ந்து மேகத்தைச் சற்றே மெலிந்ததாகக் காட்டிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு நாள் மலைக்கு அப்பால் நோயாளி ஒருவர் காத்திருந்தார். திப்ருகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டியவர். சாலை மழையில் சரிந்து கிடந்தது. இவன் குறித்து வைத்திருந்த இடம் வரை போனான். எதிரே மேகம் மூடியிருந்தது. திரும்பிவிட்டான். மறுநாள் விடியற்காலையில் போய் அழைத்து வந்தான்.

"பிழைத்தாரா?" என்று கேட்டோம்.

"பிழைத்தார். ஆனால் பிழைக்காமற் போயிருந்தாலும் நான் திரும்பியது சரி என்றே சொல்ல வேண்டும், ஸார். அப்படிச் சொல்லுகிற தைரியம் எனக்கு இன்னும் பூரணமாக வரவில்லை."

நாம் பதில் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிப் பழகியும், இதற்கு நம்மிடம் விடையில்லை.

அவன் மனைவி காப்பி கொண்டுவந்தாள். ஐந்து வயதுப் பெண் குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கணவன் மலையில்; இவர்கள் கடற்கரையில். ஸ்திரீகள் இந்த அபாயத்தைக் கரையில் நின்று சுமக்கிறவர்கள் மட்டுந்தானா என்று நமக்குள் ஓர் எண்ணம் எழுந்தது. நம் தேசத்துச் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1936-லேயே சரளா என்னும் மாது, நான்கு வயதுக் குழந்தைக்குத் தாயாக, புடவை கட்டிக்கொண்டே ஜிப்ஸி மாத் விமானத்தில் ஏறித் தனியே பறந்து, விமானி உரிமை பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 21. கணவர் பி. டி. சர்மாவும் விமானி. 1939-இல் கணவர் விமான விபத்தில் மாண்டார். அதற்குப் பிறகும் அவர் மேற்கொண்டு பயிற்சி பெற ஜோத்பூருக்குப் போனார் என்பதை நினைத்துப் பாருங்கள்! உலக யுத்தம் மூண்டு பயிற்சி நின்றதால்தான் அவர் ஆகாயத்தை விட்டார். சித்திரம் கற்று, பிரிவினைக்குப் பின் டில்லிக்கு வந்து, மறுமணம் செய்துகொண்டு, சரளா துக்ரால் என்ற பெயரில் 2008 வரை வாழ்ந்தார்.

நம் தமிழ்நாட்டுக் கதை இன்னும் இனிது. சென்னையைச் சேர்ந்த காப்டன் வி. சுந்தரம் மைசூர் மகாராஜாவின் விமானி; அவருடைய மனைவி ஸ்ரீமதி உஷா சுந்தரம் அதே டகோட்டாவில் துணை விமானி. நேருஜியையும் சர்தார் படேலையும் அந்த அம்மையார் விமானத்தில் ஏற்றிச் சென்றிருக்கிறார். பிரிவினைக் காலத்தில் அகதிகளை மீட்டு வந்திருக்கிறார். 1951-இல் சென்னை அரசாங்கத்துக்காக வாங்கிய 'டவ்' விமானத்தைத் தம்பதிகள் இருவருமாக லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். அந்த இருவரில் யார் யாருக்காகக் கரையில் நின்று காத்திருப்பது? பின்னாளில் அதே தம்பதிகள் சென்னையில் தெரு நாய்களையும் அடிபட்ட பிராணிகளையும் காக்க 'புளூ கிராஸ்' சங்கத்தைத் தொடங்கினார்கள் என்பது நேயர்களில் பலர் அறிந்ததே.

நாம் இதைச் சொன்னபோது மாணவனின் மனைவி, "பக்கத்துல உட்கார்ந்துட்டா பயம் இல்லீங்க, ஸார். பார்த்துக்கிட்டே இருக்கலாம். பார்க்க முடியாததுதான் பயம்" என்றாள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. 2016-ஆம் வருஷம் ஜூலை 22-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து அந்தமானுக்குப் புறப்பட்ட விமானப் படை விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. அதன் சிதைவு கடலடியில் தெரிந்தது 2024-ஆம் வருஷம் ஜனவரியில். ஏழரை வருஷம் 29 குடும்பங்கள் பார்க்க முடியாததைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இந்த வீட்டில் அதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. தாயார் செய்த ஏற்பாடு அது. பதினைந்து நாள் மௌனத்துக்குப் பிறகு அவர் பிள்ளையோடு பேசியபோது விதித்த நிபந்தனை. நம் தமிழர் வீடுகளில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிப் புறப்படுவதில்லை. 'போய் வருகிறேன்' என்பதே வழக்கு. அதைச் சொல்லலாம். ஆனால் எப்பொழுது வருவேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. இன்ன மணிக்கு இறங்குவேன், இன்ன நாளில் வீட்டுக்கு வருவேன் என்ற பேச்சே கூடாது. "நேரம் சொல்லிட்டா அந்த நேரம் புடிச்சு இழுக்கும், வாத்தியாரையா. இவங்க அப்பா கடலுக்குப் போவும்போது நான் ஒரு நாளும் எப்ப வருவேன்னு கேட்டதில்ல" என்றார் அந்த அம்மாள். பண்டிகைக்கு வருவதானாலும் வாசலில் வந்து நின்ற பிறகுதான் செய்தி. குழந்தைக்கும் அதே பழக்கம்: "அப்பா எப்ப வருவார்?" என்றால், "வந்தா வருவார்" என்கிறது. முதலில் கேட்டபோது நமக்கு நெஞ்சு சுரீரென்றது. ஆனால் குழந்தை அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிற்று.

மழை இறங்கத் தொடங்கியதும் விடைபெற்றுக்கொண்டோம். தகப்பனார் கிழக்கே ஒரு முறை பார்த்துவிட்டு, "சிதம்பரம் எத்தினி மணிக்குப் போய்ச் சேருவீங்க?" என்று கேட்டார். "எட்டு மணிக்கு வீட்டில் இருப்போம், அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்" என்றோம். விமானி சிரித்துவிட்டான். தாயார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஆலப்பாக்கத்தைத் தாண்டியதும் சாலையில் தண்ணீர். புதுச்சத்திரத்தருகே பஸ் ஒரு மணி நேரம் நின்றது. டிரைவர் இறங்கி முழங்காலளவு தண்ணீரில் கொஞ்சதூரம் நடந்து பார்த்தார். திரும்பி வந்து யந்திரத்தை நிறுத்திவிட்டு, "வடியட்டும்" என்று பீடி பற்றவைத்துக்கொண்டார். உள்ளே இருந்தவர்களில் சிலர் அவரைக் கோழை என்றார்கள். நாம் ஒன்றும் சொல்லவில்லை. நமது கைப்பேசி எப்பொழுதோ உயிர் விட்டிருந்தது.

வீட்டை அடைந்தபோது மணி பத்தரை. இல்லத்தரசி வாசற்படியில் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.